நூறு கோடியில் மூன்றரை: ஓர் அரிய சிதைவை லேப்டாப்பிலிருந்து பின்தொடர்வது எப்படி

துகள் இயற்பியல் செய்தியில் வந்தால் தலைப்பு இரண்டு வகைதான். ஒன்று, "ஸ்டாண்டர்ட் மாடலில் விரிசல்". இன்னொன்று, "ஸ்டாண்டர்ட் மாடல் மறுபடியும் தப்பியது". (அடிப்படைத் துகள்களையும் அவற்றின் விசைகளையும் விளக்கும் இன்றைய கோட்பாடுதான் ஸ்டாண்டர்ட் மாடல்.) இரண்டையும் படித்து முடித்த பிறகும், அங்கே எதை எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்காது. அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு துகள் தானாக உடைந்து வேறு துகள்களாவதைச் சிதைவு என்பார்கள். பல சிதைவுகளைத் தொட்டுக்காட்டினால் ஒன்றும் நிற்காது. ஆகவே ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து கடைசி எண் வரை போகலாம். பிளஸ் டூ இயற்பியல், ஒரு லேப்டாப், பைத்தான் (தெரியாவிட்டால் எக்செல்), ஒரு சனி ஞாயிறு. இவ்வளவு போதும்.

படி 1: சிதைவைத் தேர்ந்தெடுங்கள்

நாம் எடுத்துக்கொள்வது பி-எஸ் மெசான். ஒரு ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கும் ஓர் எதிர்-பாட்டம் குவார்க்கும் சேர்ந்த ஜோடி இது. மின்னூட்டம் இல்லை. நிறை 5.367 கிகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது புரோட்டானைப் போல ஏறக்குறைய ஐந்தே முக்கால் மடங்கு. இனி இந்த அலகை ஜிஇவி என்று சுருக்கிக்கொள்கிறேன். இதன் சராசரி ஆயுள் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒன்றரைப் பங்கு.

இது சிதைவதற்கு நூற்றுக்கணக்கான வழிகள் உண்டு. நமக்கு வேண்டியது அவற்றில் ஒன்று: பி-எஸ் உடைந்து ஒரு மியூவானும் (எலக்ட்ரானின் கனமான உறவு) ஓர் எதிர்-மியூவானும் மட்டும் வெளியே வருவது. ஸ்டாண்டர்ட் மாடலின் கணக்குப்படி நூறு கோடி பி-எஸ்ஸில் 3.66 மட்டுமே இந்த வழியில் போகும். அந்தக் கணிப்பில் உள்ள நிச்சயமின்மை 0.14. வலுவான விசையில் சிக்கிக்கிடக்கும் மெசானுக்கு இவ்வளவு சுத்தமான கணிப்பு கிடைப்பது அபூர்வம். வெளியே வருவது இரண்டு மியூவான்கள் மட்டும் என்பதால் அந்தப் பக்கம் குவார்க் குழப்பம் கிடையாது. அந்தச் சுத்தத்துக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஏன் இவ்வளவு அரிது? மூன்று தடைகள் வழியில் நிற்கின்றன.

முதலாவது, பாட்டம் குவார்க்குக்கும் ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குக்கும் ஒரே மின்னூட்டம். ஸ்டாண்டர்ட் மாடலில் ஒரே மின்னூட்டமுள்ள ஒரு குவார்க் இன்னொன்றாக நேரடியாக மாறக் கதவு கிடையாது. டபிள்யூ துகளும் டாப் குவார்க்கும் கணநேரம் தலைகாட்டி மறையும் ஒரு வளையத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இரண்டாவது, அந்த வளையத்திலும் டாப்பிலிருந்து ஸ்ட்ரேஞ்சுக்குத் தாவுவதற்கான வாய்ப்பு சிறியது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பி-எஸ்ஸின் சுழற்சி பூஜ்ஜியம். அது உடைந்து எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு மியூவான்களின் சுழற்சியும் கூட்டினால் பூஜ்ஜியம் ஆக வேண்டும். சுழற்சி ஓடும் திசையிலேயே இருந்தால் அந்தத் துகள் வலக்கை, எதிர்த்திசையில் இருந்தால் இடக்கை. கூட்டல் பூஜ்ஜியம் ஆக, இரண்டும் இடக்கையாக இருக்க வேண்டும், அல்லது இரண்டும் வலக்கையாக. ஆனால் மென்விசைக்குத் துகள் என்றால் இடக்கை, எதிர்த்துகள் என்றால் வலக்கை. ஆக, இரண்டில் ஒன்று தப்பான கையோடு பிறந்தாக வேண்டும். நிறையே இல்லாத துகளால் அது முடியாது. மியூவானுக்குக் கொஞ்சம் நிறை இருப்பதால் கொஞ்சம் முடிகிறது. எவ்வளவு கொஞ்சம் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்: மியூவான் நிறை 0.1057-ஐ 5.367-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் சுமார் 2,600-இல் ஒன்று.

இதே கணக்கை எலக்ட்ரானுக்குப் போட்டால், அதன் நிறை மியூவானைவிட 207 மடங்கு குறைவு என்பதால், சிதைவு இன்னும் நாற்பதாயிரம் மடங்குக்கு மேல் அரிதாகிவிடும். இன்றைய கருவிகளால் தொடவே முடியாது. எலக்ட்ரான், மியூவான் குடும்பத்திலேயே கனமான டாவ் லெப்டானுக்குப் போட்டால் எண்ணிக்கை இருநூறு மடங்கு கூடும். ஆனால் டாவ் தானே உடனே உடைந்து நியூட்ரினோக்களை அள்ளி வீசும். நியூட்ரினோ கையில் சிக்காது. மியூவான் நடுவில் வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

சரி, அரிதாக இருந்தால் நமக்கென்ன லாபம்? வழக்கமான வழிகள் எல்லாம் அடைபட்டிருக்கும் இடத்தில், நாம் இதுவரை பார்க்காத கனமான துகள் ஒன்று அந்த வளையத்தில் தலைகாட்டினால், அதன் சிறிய பங்கும் பெரிதாகத் தெரியும். புரோட்டான்களை மோதவிடும் எல்எச்சி இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன், தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இணைத்துகள் உண்டு என்னும் சூப்பர்சிமெட்ரிக் கோட்பாடுகளில் சில வகைகள் இந்தச் சிதைவு பத்து மடங்குகூடக் கூடலாம் என்றன. அவற்றில் டேன் பீட்டா என்று ஓர் எண் வரும். அதன் ஆறாம் படிக்கு ஏற்ப விகிதம் ஏறும். ஆறாம் படி என்றால், அந்த எண்ணை இரட்டித்தால் விகிதம் 64 மடங்கு. எல்லோரும் இந்த ஓர் அளவீட்டுக்குக் காத்திருந்ததில் ஆச்சரியமில்லை.

இந்த உத்தி ஏற்கெனவே ஒருமுறை பலித்திருக்கிறது. 1960-களில் நடுநிலைக் கேயான் (ஸ்ட்ரேஞ்ச் குவார்க் உள்ள, எடை குறைந்த மெசான்) இரண்டு மியூவான்களாக உடைவதைத் தேடியவர்களுக்கு அது எதிர்பார்த்ததைவிட மிகமிகக் குறைவு என்பது புரிந்தது. அப்போது தெரிந்த குவார்க்குகள் மூன்றுதான். 1970-இல் கிளாஷோ, இலியோபுலோஸ், மையானி மூவரும் நான்காவதாக ஒரு குவார்க் இருந்தால் அது இந்தச் சிதைவை ரத்து செய்துவிடும் என்று எழுதினார்கள். 1974 நவம்பரில் அமெரிக்காவின் புரூக்ஹேவனிலும் ஸ்டான்ஃபோர்டிலும் ஒரே சமயத்தில் ஜே-சை துகள் அகப்பட்டது. நான்காவது குவார்க்கான சார்மும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள் அது. இந்த ஜே-சையை நினைவில் வையுங்கள். இரண்டு படி தள்ளி உங்கள் திரையில் வரப்போகிறது.

படி 2: தாளில் ஒரு கணக்கு

தரவைத் தொடுவதற்கு முன் எத்தனை கிடைக்கும் என்று மதிப்பிட்டுக்கொள்ளுங்கள். ஜெனீவாவுக்கு அருகில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்எச்சி வளையத்தில் இருக்கும் கருவிகளில் ஒன்று எல்எச்சிபி. பாட்டம் குவார்க்குக்காகவே கட்டியது. 2015 முதல் 2018 வரை அதன் பார்வை எல்லைக்குள் உருவான பாட்டம் குவார்க் ஜோடிகள் ஏறக்குறைய 85,000 கோடி. ஒரு ஜோடிக்கு இரண்டு குவார்க். பாட்டம் குவார்க் பத்தில் ஒன்றுதான் பி-எஸ் ஆகிறது. பெருக்கினால் 17,000 கோடி பி-எஸ். நூறு கோடிக்கு 3.66 என்றால் அறுநூற்றுச் சொச்சம்.

நான்கு வருடத்துக்கு அறுநூறு. இதிலும் இரண்டு மியூவானும் கருவிக்குள் விழ வேண்டும், எந்த மோதலைப் பதிவுசெய்வது என்று உடனே முடிவெடுக்கும் டிரிக்கர் அவற்றைப் பிடிக்க வேண்டும், வடிகட்டிகளைத் தாண்ட வேண்டும். மிஞ்சுவது அதில் ஒரு பகுதி. ஒரு சோறு பதம் என்கிற பேச்சு இங்கே செல்லாது.

படி 3: தரவை இறக்குங்கள்

செர்ன் ஆய்வகத்தின் திறந்த தரவுத் தளத்துக்குப் போங்கள். 2014-இல் தொடங்கியது, பணமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். அங்கே எல்எச்சியின் இன்னொரு கருவியான சிஎம்எஸ் 2010-இல் எடுத்த மியூவான் தரவிலிருந்து படிப்பதற்கென்றே தயாரித்து வைத்த சிஎஸ்வி கோப்பு ஒன்று கிடைக்கும். ஒரு லட்சம் வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு மோதல். அதில் இரண்டு மியூவான்களின் ஆற்றல், மூன்று திசை உந்தம், மின்னூட்டம் ஆகியவை வரிசையாக இருக்கும். எக்செல் பத்து லட்சம் வரிக்கு மேல் தாங்கும், ஆகவே அதிலேயே செய்யலாம்.

செய்ய வேண்டியது ஒரே கணக்கு. இரண்டு மியூவான்களும் ஒரே தாய்த்துகளிலிருந்து வந்திருந்தால் தாயின் நிறை என்ன?

நிறை² = (மொத்த ஆற்றல்)² − (மொத்த உந்தம்)²

மொத்த ஆற்றலுக்கு இரண்டு ஆற்றலையும் கூட்டுங்கள். உந்தத்துக்கு எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் தனித்தனியாகக் கூட்டி, வர்க்கப்படுத்தி, பிறகு சேர்க்க வேண்டும். முதலில் வர்க்கப்படுத்திவிட்டுக் கூட்டினால் எல்லாம் போச்சு. கோப்பின் கடைசி நெடுவரிசையில் விடை ஏற்கெனவே இருக்கும். ஆனாலும் நீங்கள் கணக்கிட்டு அதோடு ஒத்துப் பாருங்கள், அதற்காகத்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

எதிரெதிர் மின்னூட்டமுள்ள ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஹிஸ்டோகிராம் வரையுங்கள். நான் முதல் முறை இதைச் செய்தபோது 2-லிருந்து 110 ஜிஇவி வரை ஒவ்வொரு ஜிஇவிக்கும் ஒரு பெட்டி போட்டேன். இடது ஓரத்தில் ஒரு சுவர், வலது பக்கம் ஒரு சிறு திண்டு. தரவு பழுது என்று நினைத்துக் கோப்பை இரண்டு முறை மறுபடி இறக்கினேன். பழுது என் பெட்டியில்தான்: அதன் அகலம் எல்லா முகடுகளையும் விழுங்கிவிட்டது. கிடை அச்சை மடக்கை அளவுக்கு மாற்றுங்கள், அல்லது 2-லிருந்து 12 வரை மட்டும் எடுத்து 0.02 ஜிஇவி அகலத்தில் பெட்டி போடுங்கள்.

இப்போது பாருங்கள். 3.1-இல் ஊசிபோல எழுந்து நிற்பது ஜே-சை. 1974-இல் இரண்டு ஆய்வகங்கள் போட்டி போட்டுப் பிடித்தது இன்று உங்கள் எக்செல் தாளில். அதற்கு வலப்புறம் 3.69-இல் அதன் அண்ணன் சிறிதாகத் தெரியலாம். 9.46-இல் அப்சிலான், பக்கத்திலேயே அதன் குடும்பம். முழு எல்லையையும் வரைந்தால் 91-இல் இசட் துகள்.

அவசரப்படாமல் ஜே-சை முகட்டின் அகலத்தை அளந்து வையுங்கள். அந்தத் துகளின் உண்மையான அகலம் ஒரு ஜிஇவியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. உங்கள் படத்தில் அது பல மடங்கு பருத்திருக்கும். அந்தப் பருமன் முழுவதும் கருவியின் மங்கல் பார்வை. ஆக, தெரிந்த துகளை வைத்துக் கருவியின் கண் பவரை அளந்துவிட்டீர்கள்.

படி 4: 5.37-ஐப் பாருங்கள்

ஒன்றும் இருக்காது. சமமான சரிவு. அவ்வளவுதான்.

ஏமாற வேண்டாம். 2010-இல் எல்எச்சி அப்போதுதான் ஓடப் பழகிக்கொண்டிருந்தது. இந்த மாதிரியில் நம்முடைய சிதைவு ஒன்றுகூட இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் 5.3-க்கும் 5.43-க்கும் நடுவே எத்தனை ஜோடிகள் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவை அனைத்தும் பின்னணி. எங்கோ பிறந்த ஒரு மியூவானும், வேறெங்கோ பிறந்த இன்னொன்றும் தற்செயலாகச் சேர்ந்து 5.37-ஐக் கொடுத்தவை.

இதை வைக்கோற்போரில் ஊசி தேடுவது என்பார்கள். எனக்கு அந்த உவமை ஒப்பவில்லை. ஊசி வைக்கோலிலிருந்து வேறுபட்டது, கையில் பட்டால் தெரிந்துவிடும். இது அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. அதுவும் கல் அரிசி நிறத்திலேயே இருக்கிறது. முறத்தில் போட்டுப் புடைத்துத்தான் ஆக வேண்டும்.

படி 5: புடைப்பது

முறமாக உதவுவது பி-எஸ்ஸின் ஆயுள். ஒன்றரைப் பிக்கோ நொடியில் ஒளிகூட அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆனால் எல்எச்சியில் பிறக்கும் பி-எஸ் ஒளிவேகத்தை ஒட்டிப் பறப்பதால் அதன் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுகிறது. எல்எச்சிபியில் அது சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவு பறந்துவிட்டுத்தான் உடைகிறது. ஆகவே உண்மையான சிக்னலில் இரண்டு மியூவான்களின் பாதையைப் பின்னோக்கி நீட்டினால் மோதல் நடந்த இடத்திலிருந்து தள்ளி ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். இரண்டின் உந்தத்தையும் கூட்டினால் அது மோதல் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளியை நோக்கிய திசையில் இருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வேறு துகள் கூட்டம் இருக்கக் கூடாது.

இந்தக் குணங்களை எல்லாம் பூஸ்டட் டிசிஷன் ட்ரீ எனப்படும் இயந்திரக் கற்றல் முறையிடம் கொடுத்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மதிப்பெண் வாங்குவார்கள். நம் சிஎஸ்வி கோப்பில் புள்ளிகளைப் பற்றிய தகவல் இல்லை, அதனால் இந்தப் படியை நம்மால் செய்ய முடியாது. முழுத் தரவும் அதே தளத்தில் இருக்கிறது, ஆனால் அது ஒரு சனி ஞாயிறில் முடியும் வேலை இல்லை.

படி 6: ஆள்மாறாட்டம்

தற்செயல் ஜோடிகளைப் புடைத்துத் தள்ளிவிடலாம். மோசமானவை வேறு. பி-எஸ்ஸின் உறவான நடுநிலை பி மெசான் ஒரு கேயானாகவும் ஒரு பையானாகவும் (அதைவிட எடை குறைந்த மெசான்) உடைவது லட்சத்துக்கு இரண்டு. அங்கேயும் இரண்டே துகள்கள், அதே பறக்கும் தூரம், அதே புள்ளி. கேயானோ பையானோ வழியில் மியூவானாக உடைந்துவிட்டால் இரும்புச் சுவரைத் தாண்டி மியூவான் அறைகளுக்குப் போய் "நானும் மியூவான்தான்" என்று கையெழுத்துப் போடும்.

எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள். லட்சத்துக்கு இரண்டு என்பது நூறு கோடிக்கு இருபதாயிரம். நம் சிக்னலைவிட ஐயாயிரம் மடங்குக்கு மேல். நடுநிலை பி மெசான்கள் பி-எஸ்ஸைவிட நான்கு மடங்கு அதிகமாகப் பிறக்கின்றன. ஆக ஒரு சிக்னலுக்கு இருபதாயிரம் போலிக்கான வாய்ப்பு. ஒரு துகளை மியூவான் என்று தவறாக எண்ணும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்தால், இரண்டையும் தவறாக எண்ணுவது பத்தாயிரத்தில் ஒன்று. வகுத்தால், ஒரு நிஜத்துக்கு இரண்டு போலி! ஆகவே நூற்றில் ஒன்று போதாது. அதைவிடப் பல மடங்கு கறாராக அடையாளம் காண வேண்டும்.

ஆறுதலுக்கு ஒன்று. கேயானையும் பையானையும் மியூவான் என்று நினைத்துக் கணக்கிட்டால் நிறை குறைவாக வரும். போலிகள் 5.37-க்குக் கீழே, 5.28-ஐ ஒட்டி விழும். பி-எஸ் ஓரளவு தப்பித்துவிடும். 5.28-இல் உட்கார்ந்திருக்கிற இன்னொருவர் தப்பிக்க மாட்டார். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

படி 7: எதால் வகுப்பது

புதியவர்கள் தாண்டிக் குதித்துவிடும் இடம் இது. எனக்கோ மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

நூறு முகடு நிகழ்வுகளை எண்ணிவிட்டீர்கள் என்று வையுங்கள். விகிதம் வேண்டுமானால் எத்தனை பி-எஸ் பிறந்தன என்பதால் வகுக்க வேண்டும். படி 2-இல் நான் போட்டது தாளில் போட்ட மதிப்பீடு. அதில் பத்து சதவீதத்துக்கு மேல் தவறு இருக்கலாம். டிரிக்கர் எத்தனையை விட்டது, கருவி எத்தனையைத் தவறவிட்டது என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தவறைச் சேர்க்கும். அதை வைத்து ஒரு கோட்பாட்டைச் சோதிக்க முடியாது.

எனவே நேரடியாக வகுப்பதில்லை. நன்றாகத் தெரிந்த இன்னொரு சிதைவை அதே தரவில், அதே கருவியில் எண்ணி, அதோடு ஒப்பிடுகிறார்கள். பி-எஸ்ஸின் மின்னூட்டமுள்ள உறவான பி-பிளஸ் மெசான் உடைந்து ஜே-சையும் கேயானும் வருவது. பிறகு அந்த ஜே-சை இரண்டு மியூவான்களாக உடைவது. முதலாவது ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டாவது நூற்றுக்கு ஆறு. சேர்த்தால் லட்சத்துக்கு ஆறு. பி-பிளஸ்ஸும் பி-எஸ்ஸைவிட நான்கு மடங்கு அதிகம் பிறப்பதால், ஒரு சிக்னலுக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பீட்டுச் சிதைவுகள் நடக்கின்றன. எண்ணிக்கைக்குப் பஞ்சமே இல்லை.

இரண்டிலும் இரண்டு மியூவான்கள் உண்டு. மியூவானைப் பிடிப்பதில் கருவிக்கு என்ன குறை இருந்தாலும் அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்து, வகுக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். சமையலில் இரண்டு குழம்புக்கும் அதே ஓட்டைக் கரண்டியால் அளந்தால் விகிதம் கெடாது என்கிற மாதிரி. எல்எச்சிபி, அடிபடாமல் மிஞ்சுவதைச் சரிபார்க்க, ஆள்மாறாட்டத்தில் நாம் பார்த்த அதே கேயான்–பையான் சிதைவையும் இரண்டாவது ஒப்பீடாக வைத்துக்கொள்கிறது. திருடனையே சாட்சிக்கு அழைத்த கதை.

அடிபடாமல் மிஞ்சும் பெரிய எண் ஒன்று உண்டு: பாட்டம் குவார்க் எத்தனை முறை பி-எஸ் ஆகிறது, எத்தனை முறை பி-பிளஸ் ஆகிறது என்கிற விகிதம். கிட்டத்தட்ட கால் பங்கு. இதைத் தனியாக, வேறு சிதைவுகளை வைத்து, மூன்று சதவீத நுணுக்கத்தில் அளந்திருக்கிறார்கள். தலைப்புச் செய்தியில் இந்த வேலை வராது. ஆனால் இதில் தவறு வந்தால் முடிவு எண்ணும் அதே அளவு சாயும்.

ஸ்டாண்டர்ட் மாடலின் ஓட்டையை அடைக்க வந்த ஜே-சைதான் இன்று அதே மாடலைச் சோதிக்கும் அளவுகோல். இதைப் படிக்கிறவர்கள் யாராவது என்னிடம் அரிய சிதைவு ஆய்வு எப்படி என்று கேட்டால், முதலில் ஜே-சையை எண்ணப் பழகுங்கள் என்றுதான் சொல்வேன்.

படி 8: கண்ணைக் கட்டிக்கொள்வது

எந்த மதிப்பெண்ணுக்கு மேல் ஏற்பது, எந்தப் பின்னணியை எப்படிக் கழிப்பது என்று முடிவெடுக்கும்போது 5.37-ஐச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கக் கூடாது. அந்தப் பகுதியை மூடி வைத்துவிட்டு இரண்டு ஓரங்களையும், கணினிப் போலித் தரவையும், ஜே-சை மாதிரிகளையும் மட்டும் வைத்து எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டு, பிறகுதான் திறக்கிறார்கள். முன்பே பார்த்துவிட்டால், நேர்மையானவர்களும் தங்களை அறியாமல் முகடு அழகாகத் தெரியும் வடிகட்டியைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

உங்கள் சிஎஸ்வியிலும் இதைப் பழகலாம். 9.2 முதல் 10.6 வரை உள்ள வரிகளை நீக்கிவிட்டு, ஓரங்களை மட்டும் வைத்துப் பின்னணிக்கு ஒரு வளைகோடு பொருத்துங்கள். பிறகு நீக்கியதைச் சேர்த்து, கோட்டுக்கு மேலே எத்தனை அப்சிலான் எழுகிறது என்று பாருங்கள்.

படி 9: வந்த எண்ணைப் படிப்பது

பி மெசான்கள் இரண்டு மியூவான்களாக உடையும் இந்த வகைச் சிதைவுகளின் தேடல் 1980-களின் நடுவில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளியோ கருவியோடு தொடங்கியது. பிறகு ஃபெர்மிலாபின் டெவட்ரான். ஆண்டுக்கு ஆண்டு "இதைவிடக் குறைவு" என்று எல்லை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. 2012 நவம்பரில் எல்எச்சிபி முதல் தடயத்தை அறிவித்தது: 3.5 சிக்மா. விலகல் பிழையின் அளவைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் சிக்மா. 2015-இல் சிஎம்எஸ், எல்எச்சிபி இரண்டும் தரவைச் சேர்த்து 6.2 சிக்மா என்று வெளியிட்டன. கண்டுபிடிப்புக்கான கோடு 5 சிக்மா. வெறும் பின்னணி ஏறி அவ்வளவு பெரிதாகத் தெரியும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று.

இப்போது இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கோடிக்கு எத்தனை என்ற கணக்கில், 2021-இல் எல்எச்சிபி சொன்னது 3.09, பிழை சுமார் 0.46. 2022-இல் சிஎம்எஸ் சொன்னது 3.83, பிழை சுமார் 0.44. கணிப்பு 3.66, பிழை 0.14.

இவை ஒத்துப்போகின்றனவா? வித்தியாசத்தை, இரண்டு பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்த எண்ணால் வகுங்கள். எல்எச்சிபிக்கு 0.57-ஐ 0.48-ஆல் வகுத்தால் 1.2. சிஎம்எஸ்ஸுக்கு 0.4-க்கும் கீழே. இரண்டைத் தாண்டாதவரை ஓடிப்போய்ச் சொல்ல ஒன்றுமில்லை. எல்எச்சிபி எண் மட்டும் வந்திருந்த ஆண்டில் "கணிப்பைவிடக் குறைவு" என்று பேசியவர்கள் உண்டு, 1.2 என்பது வாரம் ஒரு முறை பார்க்கக்கூடிய விலகல்.

பத்து மடங்கு கூடும் என்ற மாதிரிகள் இதில் செத்தன. எல்லாம் சாகவில்லை, பத்து சதவீத மாற்றம் சொல்லும் மாதிரிகளை இந்தப் பிழை அளவை வைத்துத் தொட முடியாது. செய்தியில் "சூப்பர்சிமெட்ரி முடிந்தது" என்று வந்தால் இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

படி 10: விரிசல் என்று வந்தால்

எல்எச்சிபியின் இன்னொரு கதை. பி-பிளஸ் உடைந்து கேயானோடு இரண்டு மியூவான் வருவதும், கேயானோடு இரண்டு எலக்ட்ரான் வருவதும் ஸ்டாண்டர்ட் மாடலில் கிட்டத்தட்டச் சமம். விகிதம் 1. 2014-இல் 0.745 என்று அளந்தார்கள், 2.6 சிக்மா விலகல். 2021 மார்ச்சில் அதிகத் தரவோடு 0.846, 3.1 சிக்மா. உலகெங்கும் புதிய விசை, லெப்டோகுவார்க் என்று நூற்றுக்கணக்கான ஆய்வுத்தாள்கள் குவிந்தன. 2022 டிசம்பரில் அதே குழு மறு ஆய்வை வெளியிட்டது: விகிதம் ஒன்றோடு ஒத்துப்போகிறது.

என்ன நடந்தது? எலக்ட்ரான் பக்கத்தில் ஆள்மாறாட்டம். எலக்ட்ரான் என்று எண்ணியவற்றில் சில பையான்களும் கேயான்களும் கலந்திருந்தன. போலிகள் கூடியதால் எலக்ட்ரான் எண்ணிக்கை கூடியது, விகிதம் குறைந்தது. படி 6-இல் பார்த்த அதே நோய். தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் அவர்களேதான். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. அடுத்த முறை விரிசல் செய்தி வந்தால், சிக்மா எத்தனை என்று பார்ப்பதற்கு முன்னால் பின்னணியை எப்படிக் கழித்தார்கள், எதால் வகுத்தார்கள் என்ற பத்திகளைத் தேடிப் படியுங்கள்.

அடுத்து எங்கே

பழகிவிட்டால் வேறு சிதைவுகளுக்கும் இதே கேள்விகள்தான். ஜப்பானின் சுகுபாவில் உள்ள பெல் 2 கருவி 2023-இல் பி-பிளஸ் உடைந்து கேயானும் இரண்டு நியூட்ரினோவும் வருவதை லட்சத்துக்கு 2.3 என்று அளந்தது. கணிப்பு சுமார் 0.5, விலகல் 2.7 சிக்மா. நியூட்ரினோக்கள் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் பின்னணிக் கழிப்புதான் அங்கே முழுப் பாடமும். சென்னை ஐஐடி இந்தக் குழுவில் உறுப்பினர். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பி மெசான் சிதைவுகளின் கோட்பாட்டில் நெடுங்காலமாக வேலை நடந்திருக்கிறது. படிக்கும் மாணவராக இருந்தால் செர்னுக்கு விமானம் ஏறுவதற்கு முன் கதவு தட்ட உள்ளூரிலேயே இடம் இருக்கிறது. செர்னின் என்ஏ62 குழுவோ 2024-இல், கேயான் உடைந்து பையானும் இரண்டு நியூட்ரினோவும் வருவதை 5 சிக்மாவுக்கு மேல் நிறுவிவிட்டது. அது பத்தாயிரம் கோடிக்குச் சுமார் 13.

கடைசியாக 5.28-இல் உட்கார்ந்திருப்பவர். ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குக்குப் பதிலாக டவுன் குவார்க் உள்ள நடுநிலை பி மெசான் இரண்டு மியூவான்களாக உடைவது. கணிப்பு நூறு கோடிக்கு 0.1. ஒருவரும் இன்னும் பார்க்கவில்லை. சிஎம்எஸ் வைத்திருக்கும் எல்லை 0.19, எல்எச்சிபி எல்லை 0.26. பி-எஸ் முகட்டிலிருந்து இது வெறும் 0.087 ஜிஇவி இடப்புறம், போலிகள் வந்து விழும் அதே இடத்தில். படி 3-இல் அளந்து வைத்த ஜே-சை முகட்டின் அகலத்தை எடுத்து, இந்த 0.087-க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உயர் நிறையில் அகலம் இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு முகடுகளையும் உங்கள் தாளில் தனித்தனியாகப் பிரிக்க முடியுமா என்று வரைந்து பாருங்கள்.